குறையுள்ள வைரத்தில் பிறந்த காந்தமானி

நகைக்கடைக்காரர் வைரத்தை லென்ஸ் வைத்துப் பார்ப்பது குறை தேடத்தான். கீறல், கரும்புள்ளி, லேசான மஞ்சள் தட்டல் என்று கண்ணுக்கு அகப்படுகிற குறைகளை அவர் தேடுகிறார். இங்கே சொல்லப்போகும் குறை எந்த லென்ஸுக்கும் சிக்காது. வைரம் முழுக்க கார்பன் அணுக்கள் வரிசை பிசகாமல் அடுக்கியிருக்கும். அந்த வரிசையில் ஓரிடத்தில் கார்பனுக்குப் பதிலாக ஒரு நைட்ரஜன் அணு உட்கார்ந்திருக்கிறது. அதற்கு அடுத்த இடத்தில் அணுவே இல்லை, காலி. நைட்ரஜனும் காலியிடமும் சேர்ந்த இந்த ஜோடிக்கு ஆய்வுக்கூடங்களில் ‘என்வி மையம்’ என்று பெயர். பச்சை லேசரைப் பாய்ச்சினால் இது சிவப்பாக ஒளிரும். சரியான அதிர்வெண்ணில் நுண்ணலையும் கொடுத்தால் அந்தச் சிவப்பு சற்றே மங்கும். மங்குகிற அதிர்வெண் எது என்று பார்த்தால், அந்த இடத்தில் காந்தப்புலம் எவ்வளவு என்று சொல்லிவிடலாம். அணு அளவில் ஒரு காந்தமானி. அதற்குக் குளிர்பதனம் வேண்டாம், வெற்றிடக் குழாய் வேண்டாம். மேசைமேல் சாதாரண அறை வெப்பத்தில் வேலை செய்யும்.

இதைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் ஒரு பெயரைச் சொல்ல முடியாது. ஒளியை அளப்பவர்கள் இதன் நிறத்தைக் கண்டார்கள். எலெக்ட்ரான் என்ற குட்டிக் காந்தத்தின் திருப்பத்தை, அதாவது ஸ்பின்னை, அளப்பவர்கள் இதன் காந்தத் தன்மையைக் கண்டார்கள். இரண்டும் ஒரே பொருளைப் பற்றியவைதான் என்று முழுதாகத் தெளிய, எழுத்தில் முதல் சான்று கிடைத்த 1965-லிருந்து கால் நூற்றாண்டு ஆனது. நல்ல படிகம் வளர்க்கத் தெரிந்தவர்கள் அதற்கும் பிறகுதான் வந்து சேர்ந்தார்கள்.

வைரத்தின் ஒளிர்வு பற்றிய ஆய்வில் பெங்களூருக்கு ஒரு பழைய பங்கு உண்டு. 1934-ல் ராபர்ட்சன், ஃபாக்ஸ், மார்ட்டின் என்ற மூவர், வைரங்கள் புற ஊதாவையும் அகச்சிவப்பையும் உறிஞ்சும் விதத்தை வைத்து அவற்றை இரு வகையாகப் பிரித்தார்கள். ஒரே கார்பன், ஒரே அடுக்கு, ஆனால் குணம் மட்டும் ஏன் இரண்டு? இந்தக் கேள்வி சி.வி. ராமனைப் பிடித்துக்கொண்டது. இந்திய அறிவியல் நிறுவனத்தில் அவருடைய கூடத்தில் வைரங்களைச் சேர்த்து வைத்து, மாணவர்களிடம் ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்துக் கொடுத்தார். அவர்களில் ஒருவர் அன்னா மாணி. பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்து, 1940-ல் பெங்களூர் போனவர். அவருக்குக் கிடைத்தது வைரம், மாணிக்கம் இவற்றின் ஒளிர்வு.

அந்த வேலையின் சிரமத்தை இன்று கணினித் திரையில் நிறமாலை பார்ப்பவர்களால் ஊகிப்பது கடினம். வைரம் தரும் ஒளி மிகச் சன்னமானது. படிகத்தைத் திரவக் காற்றில் குளிர வைத்து, புகைப்படத் தட்டில் அந்த ஒளி பதியும்வரை பதினைந்து இருபது மணி நேரம் காத்திருக்க வேண்டும். இரவெல்லாம் கூடத்திலேயே கழியும். இப்படி முப்பதுக்கு மேற்பட்ட வைரங்களின் நிறமாலைகளை அவர் பதிவு செய்து, 1942-க்கும் 1945-க்கும் இடையில் ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். முனைவர் பட்டத்துக்கு ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்தபோது, எம்.எஸ்சி. பட்டம் இல்லை என்ற காரணத்தைக் காட்டி மறுத்துவிட்டார்கள். அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. இங்கிலாந்து போய், திரும்பி வந்து, நாட்டின் வானிலைக் கருவிகளை உருவாக்கியவராகப் பெயர் வாங்கினார். அந்த வைர ஆய்வைப் பலரும் மறந்துபோனார்கள்.

ராமனின் விளக்கம்தான் நிற்கவில்லை. ஒளிர்வு வைரத்தின் சொந்தக் குணம், இரு வகைப் படிக அமைப்புகளிலிருந்து அது வருகிறது, கலப்படத்துக்கு அதில் வேலையில்லை என்று அவர் பிடிவாதமாக வாதாடினார். 1959-ல் பெல் ஆய்வுக்கூடத்தின் கைசரும் பாண்டும், முதல் வகை வைரத்தின் தனிக் குணங்கள் அதில் கலந்திருக்கும் நைட்ரஜனின் அளவோடு ஏறியிறங்குவதைக் காட்டினார்கள். அதே ஆண்டு ஐபிஎம் ஆய்வாளர்கள் வைரத்துக்குள் தனித்து நிற்கும் நைட்ரஜன் அணுவின் ஸ்பின்னை நேரடியாகப் பதிவு செய்தார்கள். வைரத்தின் குணங்களைப் பேச வேண்டுமானால் இனி நைட்ரஜனை விட்டுவிட்டுப் பேச முடியாது என்றாயிற்று. பெங்களூரில் எடுத்த அளவீடுகள் பழுதில்லை. அவற்றின்மேல் கட்டிய கோட்பாடுதான் சரிந்தது.

அடுத்த காட்சி தென்னாப்பிரிக்கா. ஜோஹனஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் 1965-ல் டு ப்ரீஸ் என்பவர் ஒரு முனைவர் ஆய்வேடு எழுதினார். நைட்ரஜன் உள்ள வைரத்தின்மேல் வேகமான துகள்களைப் பாய்ச்சினால் சில கார்பன் அணுக்கள் இடம்பெயர்ந்து காலியிடங்கள் உண்டாகும். அறை வெப்பத்தில் அந்தக் காலியிடங்கள் அசையாது. அதே வைரத்தைச் சுமார் 800 டிகிரி செல்சியஸ்வரை சூடேற்றினால் அவை நகரத் தொடங்கி, நைட்ரஜன் அணு ஒன்றைச் சந்தித்ததும் அதன் பக்கத்திலேயே நின்றுவிடும். மஞ்சளாக இருந்த கல் இளஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ மாறும். நைட்ரஜனும் காலியிடமும் ஜோடி சேர்ந்த கதைக்கு எழுத்தில் கிடைக்கும் முதல் சான்று இந்த ஆய்வேடுதான் என்று துறையினர் இன்றும் அதைக் காட்டுகிறார்கள். படித்தவர்களைவிட மேற்கோள் காட்டியவர்கள்தான் அதிகமிருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

லண்டன் கிங்ஸ் கல்லூரியின் கார்டன் டேவிஸும் ஹேமரும் 1976-ல் செய்த சோதனை ஆற அமரப் பார்க்க வேண்டியது. இந்த மையத்தின் அடையாளம் 637 நானோமீட்டரில், அதாவது 1.945 எலெக்ட்ரான் வோல்ட்டில், வரும் ஒரு கூரிய சிவப்புக் கோடு. அவர்கள் வைரத்தைக் குளிர்வித்து, ஒரு திசையில் அழுத்தினார்கள். அழுத்தினால் அந்த ஒரு கோடு பலவாகப் பிளக்கிறது. வேறு திசையில் அழுத்தினால் வேறு விதமாகப் பிளக்கிறது. எந்தத் திசைக்கு எத்தனை பிளவு, எது எவ்வளவு நகர்கிறது என்று கணக்கிட்டால், ஒளிரும் பொருளின் வடிவம் வெளிவந்துவிடும். கார்பனுக்குக் கார்பன் பிணைப்பு போகும் நான்கு திசைகளில் ஏதோ ஒன்றை அச்சாகக் கொண்ட, மும்முனைச் சமச்சீர் உள்ள பொருள் அது. நைட்ரஜனிலிருந்து பக்கத்துக் காலியிடத்துக்கு ஒரு கோடு இழுத்தால் கிடைப்பதும் அதே அச்சு. அணுவை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. ஒரு கல்லை அழுத்திப் பார்த்தே அதன் உள்ளமைப்பை வாசித்துவிட்டார்கள். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான்.

ஸ்பின் பக்கத்திலிருந்து லூப்சர், வான் விக் என்ற இருவர் வந்தார்கள். வைரத்தில் எலெக்ட்ரான் ஸ்பின் அதிர்வு பற்றி 1978-ல் அவர்கள் வெளியிட்ட நீண்ட கட்டுரையில் புதிய சமிக்ஞை ஒன்று பதிவாகியிருக்கிறது. எலெக்ட்ரான் ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். பெரும்பாலும் அவை ஜோடி சேர்ந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இந்த மையத்தில் ஜோடி சேராத இரண்டு எலெக்ட்ரான்கள் ஒரே பக்கம் திரும்பி நிற்கின்றன. இரண்டும் சேர்ந்து மூன்று நிலைகளில் இருக்கலாம்: பூஜ்யம், கூட்டல் ஒன்று, கழித்தல் ஒன்று. வெளியே காந்தமே இல்லாதபோதும் பூஜ்ய நிலைக்கும் மற்ற இரண்டுக்கும் இடையில் 2.87 கிகாஹெர்ட்ஸ் இடைவெளி உண்டு. சமையலறை மைக்ரோவேவ் அடுப்பு ஓடுவது 2.45-ல், அதற்குச் சற்று மேலே.

சமிக்ஞை கிடைத்தது, அளவும் சரி. ஆனால் அது வைரத்தின்மேல் வெளிச்சம் படும்போதுதான் தெரிந்தது. ஆகவே இது ஒளியால் மேலே ஏறிய எலெக்ட்ரான்களின் சமிக்ஞை, கிளர்ந்த நிலையைச் சேர்ந்தது என்று அவர்கள் முடிவு கட்டினார்கள். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். உண்மை வேறு. ஸ்பின் எப்போதும் அடிநிலையிலேயே இருக்கிறது. இருட்டில் மூன்று நிலைகளிலும் எலெக்ட்ரான்கள் ஏறக்குறைய சமமாகப் பரவிக் கிடப்பதால் சமிக்ஞை மிக மெலிந்துபோகிறது. ஒளி பட்டதும் பெரும்பாலானவை பூஜ்ய நிலைக்கு வந்து குவிகின்றன, சமிக்ஞை எழுந்து நிற்கிறது. வெளிச்சம் ஸ்பின்னை உண்டாக்கவில்லை, ஒழுங்குபடுத்துகிறது. இந்த ஒரு வித்தியாசம் எடுபட ஒன்பது ஆண்டுகள் ஆயின. 1987-ல் ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் ரெட்டி, மேன்சன், கிராஸ் மூவரும் வைரத்தைக் குளிர்வித்து, மெல்லிய லேசரால் அந்தச் சிவப்புக் கோட்டில் ஒரு பள்ளம் தோண்டிப் பார்த்தார்கள். பக்கத்தில் சுமார் 2.88 கிகாஹெர்ட்ஸ் தள்ளி இன்னொரு தடயம் தெரிந்தது. அந்த இடைவெளி அடிநிலைக்கே உரியது என்று வாதிட்டார்கள். 1991-ல் மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு இருட்டிலேயே சமிக்ஞையைப் பிடித்துக் காட்டியதும் சந்தேகம் ஏறக்குறையத் தீர்ந்தது.

இது வெறும் தலைப்பு மாற்றமில்லை. கிளர்ந்த நிலை என்றால் ஆயுள் குறைவு. அதில் எதையும் எழுதி வைக்க முடியாது. அடிநிலை என்றால் அந்த ஸ்பின் அங்கேயே இருக்கும், தொடலாம், திருப்பலாம், கொஞ்சநேரம் கழித்து வந்து வாசிக்கலாம். பின்னால் வந்த அத்தனையும் இந்தத் திருத்தத்தின்மேல்தான் நிற்கிறது.

அதுவரை எல்லோரும் பார்த்தது கோடிக்கணக்கான மையங்களின் கூட்டு ஒளியை. ஒற்றையாகப் பார்க்கும் கலை வேறொரு கூட்டத்திடம் வளர்ந்துகொண்டிருந்தது. 1989-ல் மோர்னரும் காடாரும் படிகத்துக்குள் ஒரே ஒரு மூலக்கூறின் தடயத்தைக் கண்டார்கள். 1993-ல் இரண்டு குழுக்கள், ஒன்றில் இளம் ஆய்வாளரான யோர்க் ராக்ட்ருப், பெண்டசீன் என்ற மூலக்கூறு ஒன்றின் ஸ்பின்னைத் தனியாக வாசித்தன. ‘நேச்சர்’ இதழில் இரண்டு கட்டுரைகளும் அடுத்தடுத்து வந்தன. அழகான வேலை, ஆனால் திரவ ஹீலியத்தின் குளிர் வேண்டும். அறை வெப்பத்தில் சாய மூலக்கூறுகள் லேசரின்கீழ் சீக்கிரம் வெளுத்துச் செத்துப்போகும்.

ஜெர்மனியின் கெம்னிட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், ஃபான் போர்ட்சிஸ்கோவ்ஸ்கியும் ராக்ட்ருப்பும் இருந்த குழு வைரத்தை எடுத்தது. முதல் ஆசிரியர் க்ரூபர். சோதனை மேசையைக் கொஞ்சம் பார்க்கலாம். விளக்கணைத்த அறை. பச்சை லேசர், உயர்தர நுண்ணோக்கி லென்ஸ் வழியே வைரத்தின் ஒரு புள்ளியில் குவிகிறது. அந்தப் புள்ளியிலிருந்து வரும் ஒளியை மட்டும் ஒரு ஊசித்துளை உள்ளே விடுகிறது, மற்றதெல்லாம் வெளியே. துளைக்கு அப்பால் ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக எண்ணும் கருவி. மேசை மிக மெல்ல நகர, திரையில் கரிய பரப்பில் சிவப்புப் பொட்டுகள் ஒவ்வொன்றாக எழுகின்றன. ஒவ்வொரு பொட்டும் ஒரு மையம். ஒன்றின்மேல் லேசரை நிறுத்திவிட்டு, பக்கத்திலுள்ள மெல்லிய கம்பி வழியே நுண்ணலையை விட்டு அதிர்வெண்ணை மெதுவாக ஏற்றுகிறார்கள். 2.87 அருகே வந்ததும் எண்ணிக்கை விழுகிறது. ஒரே ஒரு அணுக் குறையின் ஸ்பின், அறை வெப்பத்தில், ஒளி வழியாக வாசிக்கப்பட்டுவிட்டது. 1997-ல் ‘சயின்ஸ்’ இதழில் கட்டுரை வந்தது. என்வி மையம் ஒரு கருவியாகப் பிறந்த தேதி கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

எண்ணிக்கை ஏன் விழுகிறது? பச்சை ஒளி எலெக்ட்ரானை மேலே ஏற்றுகிறது. பூஜ்ய நிலையில் இருப்பது பெரும்பாலும் சிவப்பு ஃபோட்டானை உமிழ்ந்துவிட்டு நேராக இறங்கும். ஒன்று நிலையில் இருப்பதற்கோ சிவப்பு தராத ஒரு பக்கவழி அதிகம் வாய்க்கிறது. அந்த வழியில் போனது சில நூறு நானோ நொடி அங்கே தங்கிவிட்டுத்தான் கீழே வரும். அந்த நேரம் மையம் இருண்டிருக்கும். வரும்போது பெரும்பாலும் பூஜ்ய நிலைக்கே வந்து சேரும். ஆக ஒரே பச்சை ஒளி இரண்டு வேலை செய்கிறது: ஸ்பின் எங்கே இருந்தது என்று சொல்கிறது, சொன்ன கையோடு அதைப் பூஜ்யத்தில் கொண்டுபோய் வைக்கிறது. இப்படி ஒன்றை யாராவது திட்டமிட்டு வடிவமைத்திருந்தால் புகழ்ந்து தள்ளியிருப்போம். காந்தம் அருகே வந்தால் கூட்டல் ஒன்றும் கழித்தல் ஒன்றும் எதிரெதிர்த் திசையில் நகரும், காந்தப்புலத்தின் அலகான ஒரு காஸுக்கு 2.8 மெகாஹெர்ட்ஸ் வீதம். திரையில் ஒரு பள்ளமாக இருந்தது இரண்டாகப் பிரியும். சாதாரணக் காந்தத்தைக் கையில் பிடித்து நகர்த்தினாலே அந்தப் பள்ளங்கள் விலகுவதையும் நெருங்குவதையும் பார்க்கலாம்.

பிறகு வேகம் பிடித்தது. 2000-ல் மியூனிக்கிலும் பாரிஸ் அருகே ஓர்சேயிலும் இருந்த குழுக்கள், ஒரு பொட்டிலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு ஃபோட்டான் வருவதில்லை என்று காட்ட, ஒற்றை மையம்தான் என்பதில் ஐயம் நீங்கியது. ராக்ட்ருப் ஸ்டுட்கார்ட் போனார். அங்கே யெலெஸ்கோ முதலானோர் 2004-ல் ஒற்றை ஸ்பின்னை இஷ்டப்படி முன்னும் பின்னும் புரட்டிக் காட்டினார்கள். சாண்டா பார்பராவில் ஆஷலோமும் ஹார்வர்டில் லூக்கினும் சேர்ந்துகொண்டார்கள்.

ஆனால் கல் சரியில்லை. ஸ்பின்னைப் புரட்டி வைத்தால் அது சொன்னபடி நிற்கவேண்டுமே. பக்கத்தில் கிடக்கும் உபரி நைட்ரஜன் ஒவ்வொன்றும் ஒரு காந்தம். கார்பனிலும் நூற்றுக்கு 1.1 பங்கு, கார்பன்-13 என்ற காந்தமுள்ள வகை. இவை எல்லாம் ஓயாமல் தடுமாறுவதால் மைய ஸ்பின் தன் தாளத்தை மறந்துவிடும். இங்கேதான் படிகம் வளர்ப்பவர்கள் வந்தார்கள். ஜெனரல் எலெக்ட்ரிக் 1954-ல் பெரும் அழுத்தத்தில் செய்த செயற்கை வைரத்தில் நைட்ரஜன் தாராளமாக நுழைந்துவிடும். மீத்தேனையும் ஹைட்ரஜனையும் பிளாஸ்மாவாக்கி, வைரத்தை அடுக்கடுக்காகப் படிய வைக்கும் முறையில் நைட்ரஜனை ஏறக்குறைய அடியோடு விலக்கலாம். டி பீர்ஸின் தொழில்துறைப் பிரிவிலிருந்து வந்த எலிமென்ட் சிக்ஸ் நிறுவனத்தின் ட்விட்சனும் மார்க்கமும் இன்னொரு படி போனார்கள். மீத்தேனையே கார்பன்-13 நீக்கியதாக எடுத்து, 99.7 சதவீதம் கார்பன்-12 கொண்ட வைரம் வளர்த்தார்கள். 2009-ல் அதில் அளந்தபோது ஸ்பின் 1.8 மில்லி நொடி தாளம் தவறாமல் நின்றது, அறை வெப்பத்தில். கேட்கச் சின்ன நேரம். ஒரு திருப்பலுக்கு ஆகும் நானோ நொடிகளோடு வைத்துப் பார்த்தால் பெரிய அவகாசம். அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் கோபாலகிருஷ்ணன் பாலசுப்பிரமணியன். அதற்கு முந்தைய ஆண்டு, 2008 அக்டோபரில், ‘நேச்சர்’ இதழில் ஒற்றை மையத்தையே காந்தமானியாக்கிக் காட்டி வந்த இரண்டு கட்டுரைகளில் ஸ்டுட்கார்ட் கட்டுரைக்கும் அவரே முதல் ஆசிரியர். மற்றது ஹார்வர்டிலிருந்து வந்தது.

இந்த வரிசையில் கல் வளர்த்தவர்களின் பெயர் எப்போதும் ஆசிரியர் பட்டியலின் நடுவிலோ ஓரத்திலோதான் இருக்கும். 1.8 மில்லி நொடிக்கு நேர்க் காரணம் அவர்கள். இயற்பியலாளர்கள் பலர் இதை உரைகளில் வெளிப்படையாகச் சொல்வதும் உண்டு, செய்தித்தாள்தான் சொல்வதில்லை.

வேலைகள் பெருகின. 2013-ல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் உடலுக்குள் காந்தத் துணுக்குச் சங்கிலி வைத்திருக்கும் பாக்டீரியாக்களை வைரச் சில்லின்மேல் உயிரோடு விட்டு, அவற்றின் காந்தப்புலத்தைப் படமாக எடுத்தார்கள். அதே ஆண்டு சில நானோமீட்டர் கன அளவிலுள்ள ஹைட்ரஜன் அணுக்களின் காந்த அதிர்வை ஸ்டுட்கார்ட்டும் ஐபிஎம்மும் தனித்தனியே கேட்டன. மருத்துவமனை எம்ஆர்ஐக்கு எட்டாத சிறுமை அது. வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் அந்த 2.87 சுமார் 74 கிலோஹெர்ட்ஸ் இறங்கும் என்பதால், நானோ வைரத்தூளை உயிரணுவுக்குள் விட்டு வெப்பமானியாகவும் பயன்படுத்தினார்கள். 2015-ல் நெதர்லாந்தின் டெல்ஃப்டில் ரொனால்டு ஹான்சன் குழு, 1.28 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு வைரங்களை வைத்து, தொலைவிலுள்ள இரண்டு ஸ்பின்களின் குவாண்டம் பிணைப்பைச் சோதிக்கும் பெல் சோதனையை ஓட்டையில்லாமல் முதன்முதலாக நடத்தியது. குவாண்டம் இல்லாத சாதாரண விளக்கத்துக்கு எல்லை 2, கிடைத்தது 2.42. வெற்றி பெற்ற முயற்சிகள் 245 மட்டுமே. மணிக்கு ஒன்று கிடைப்பதே பாடாக இருந்தது. அந்தச் சோதனைக்கு மட்டும் வைரத்தைக் கடுங்குளிரில் வைக்க வேண்டியிருந்தது; 637 கோடு அறை வெப்பத்தில் கரைந்து அகன்றுவிடும், அதில் வரும் ஃபோட்டான்கள் நூற்றில் மூன்று நான்குதான்.

இந்தியாவில் தேசியக் குவாண்டம் திட்டத்தின் உணர்விகளுக்கான மையம் ஐஐடி மும்பையில் அமைந்திருக்கிறது. அங்கே வைர நுண்ணோக்கிகள் கட்டுகிறார்கள்.

இப்போதைய தலைவலி மேற்பரப்பு. அளக்கவேண்டிய பொருளுக்கு மையம் எவ்வளவு அருகோ அவ்வளவு நல்லது, பத்து நானோமீட்டருக்குள் இருந்தால் மேலும் நல்லது. ஆனால் மேற்பரப்பை நெருங்க நெருங்க அங்கே தொங்கிக்கொண்டிருக்கும் பிணைப்புகளும் ஒட்டியிருக்கும் அழுக்கும் ஸ்பின்னைக் கலைக்கின்றன, மையம் தன் எலெக்ட்ரானையே இழந்து வேறாகிவிடுவதும் உண்டு. அமிலத்தில் கழுவுவது, ஆக்சிஜனில் சுடுவது, மேல்படலம் போடுவது என்று ஒவ்வொரு கூடமும் தனக்கென்று ஒரு பக்குவம் வைத்திருக்கிறது. ஒருவர் பக்குவம் இன்னொருவர் கல்லில் பலிப்பதில்லை. வைரமே வேண்டாம் என்று போனவர்களும் இருக்கிறார்கள். ஆஷலோம் குழு 2011-ல் சிலிக்கான் கார்பைடிலும், வூர்ட்ஸ்பர்க் குழு 2020-ல் அணுத்தடிமன் ஏடுகளாக உரியும் போரான் நைட்ரைடிலும் இதே போன்ற மையங்களைக் காட்டின. போரான் நைட்ரைடில் காலியாக இருக்கும் இடம் போரானுடையது, அதன் அதிர்வெண் 3.5 கிகாஹெர்ட்ஸ் அருகே. ஒளிதான் வைரத்தைவிட வெகு மங்கல். ஒற்றை மையமாக அதைப் பிரித்துப் பார்ப்பதுதான் அங்கே பெரும்பாடு.